ஆரஞ்சு தின்னாதவரின் பொட்டாசியம்

நான் வேலை பார்த்த தில்லி ஆஸ்பத்திரியில் இப்போது ரத்தம் சுவருக்குள் குழாயில் ஓடுகிறதாம். வார்டில் எடுத்த ரத்தத்தை ஒரு டப்பாவில் போட்டுத் துளைக்குள் வைத்தால், காற்று உறிஞ்சிக்கொண்டு போய் லேபில் துப்பிவிடுமாம். நிர்மலா என்ற இளம் டெக்னீஷியன் போனில் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "ஆன்ட்டி, உங்க அனுபவத்த எழுதுங்க. எங்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கணும்" என்றாள். தில்லியில் பிறந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். நான் தமிழில்தான் எழுதுவேன். அவள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும்.

ஊக்கம் தரவெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குக் கோபப்படத் தெரியும், ரத்தம் பார்க்கத் தெரியும். இரண்டையும் ஒரே நாளில் சரியாகவும் தப்பாகவும் செய்த கதை ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம் பயிற்சி எடுத்தேன். அதில் மூன்று விஷயம் கற்றுத் தந்தார்கள். பிப்பெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயை வாயால் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதை விழுங்கக் கூடாது. டாக்டர் எது சொன்னாலும் 'யெஸ் சார்' என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டும் எனக்கு நன்றாக வந்தன.

வேலைக்குச் சேர்ந்ததும் ஃப்ளேம் ஃபோட்டோமீட்டரை என்னிடம் கொடுத்தார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரைச் சீரம் என்போம். அதில் ஒரு துளியை நிறைய காய்ச்சி வடித்த நீரில் கலந்து இந்த மெஷினுக்குக் கொடுத்தால், தீயில் தெளித்து எரிக்கும். சோடியம் மஞ்சளாக எரியும், பொட்டாசியம் வெளிர் ஊதாவாக எரியும். எது எவ்வளவு என்று முள் காட்டும். சமையல் காஸில் ஓடுகிற மெஷின். கரோல் பாக்கில் என் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். காஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தோம். மெஷினுக்குக் கனெக்‌ஷன் இருந்தது. காஸைச் சேமிக்க, காலை பத்து மணிக்கு ஒரே ஒரு முறை பற்றவைப்போம். பக்கத்தில் யாராவது துடைப்பத்தை ஆட்டினால் தூசியில் இருக்கும் உப்பு பட்டுத் தீ மஞ்சளாகிவிடும். பெருக்க வருகிறவர் மேல் நான் கத்திய கத்தலில்தான் எனக்குக் கோபக்காரி என்ற பெயர் வந்தது.

மறுநாள் ஆபரேஷன் ஆகப்போகிறவர்களின் ரத்தம் பிற்பகல் மூன்று மணிக்கு வரும். குழாயை அரை மணி நேரம் ஸ்டாண்டில் விடுவேன். உறைந்ததும் சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றுவேன். சிவப்பெல்லாம் அடியில் இறங்கும், சீரம் மேலே நிற்கும். சீரத்தை மட்டும் உறிஞ்சிச் சின்ன பாட்டிலில் விட்டுப் பெயர் ஒட்டுவேன். சிவப்பைக் கொட்டிவிடுவேன். காலையில் அந்தப் பாட்டில்கள் மெஷினுக்குப் போகும். ஏன் அன்றைக்கே பிரிக்க வேண்டும் என்று நான் யாரையும் கேட்டதில்லை. சொல்லிக் கொடுத்தார்கள், செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், தில்லியில் பெரிய பெரிய விளையாட்டு மைதானங்கள் கட்டிக்கொண்டிருந்த சமயம், எங்கள் லேபுக்கு டாக்டர் கன்னா தலைவராக வந்தார். கத்தமாட்டார். யார் மேலும் எரிந்து விழமாட்டார். நாம் பேசும்போது மேஜையில் உள்ள பேனா, ஸ்கேல், பேப்பர் வெயிட் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடுக்குவார். நாம் பேசி முடித்ததும், "அச்சா. எழுத்தில் கொடுங்கள்" என்பார். எழுத்தில் கொடுத்தால் அதையும் அந்தக் கோட்டில் சேர்த்து அடுக்குவார். அதோடு சரி.

நோட்டீஸ் ஒட்டுவதில் அவருக்கு ஆசை அதிகம். வாஷ்பேசினுக்கு மேல் 'கைகளைக் கழுவவும்' என்று ஒட்டினார். அதற்குப் பக்கத்தில் 'இந்த நோட்டீஸை நனைக்க வேண்டாம்' என்று இன்னொன்று ஒட்டினார்.

அவர் வந்த இரண்டாவது மாதம் லேபுக்குப் பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று வந்தது. பழைய ஃபிரிட்ஜில் ஆளாளுக்குப் பன்னீரும் மாவும் வைத்திருந்ததைப் பார்த்தவர் அவர். ஆகவே புதியதைத் தன் அறையிலேயே வைத்துப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அதே வாரம் சின்ன பாட்டில்களில் இரண்டின் பெயர் மாறிப்போனது. ஒட்டியது நான்தான். உடனே ஒரு நோட்டீஸ் வந்தது: 'வந்த ரத்தத்தை யாரும் அன்று திறக்கக் கூடாது. வந்த குழாயிலேயே, வந்தபடியே, உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் காலை மொத்தமாகச் சுற்ற வேண்டும்.'

நான் எதிர்ப்புச் சொன்னேனா? இல்லை. எனக்குச் சந்தோஷம். நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது. இதை எழுதாமல் விட்டால் நான் பெரிய புத்திசாலி மாதிரித் தெரிவேன், அது பொய்.

அந்தக் குளிர்காலத்தில் அறுவை வார்டு முழுவதும் பொட்டாசியம் ஏறியது. சீரத்தில் நாலு, நாலரை இருக்க வேண்டியது ஆறரை, ஏழு என்று வந்தது. ஏழு என்றால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். மயக்க மருந்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "இவரை நான் தொடமாட்டேன்" என்று லிஸ்ட்டிலிருந்து அடித்துவிடுவார். வார்டில் யாருடைய இதயமும் நிற்கவில்லை. எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், சீட்டு ஆடினார்கள். இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

கன்னா சார் காரணம் கண்டுபிடித்தார். ஆரஞ்சு. தில்லிக் குளிரில் மதியம் ஊரே புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு ஆரஞ்சும் நிலக்கடலையும் தின்னும். இரண்டிலும் பொட்டாசியம் உண்டு. "தில்லிக் குளிர்காலப் பழங்களும் ரத்தப் பொட்டாசியமும்" என்று ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆரம்பித்தார். வார்டில் ஆரஞ்சு, வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாம் தடை. மூன்று வேளையும் வேகவைத்த சுரைக்காய். அதோடு பொட்டாசியத்தை இறக்க ஒரு பொடி. சுண்ணாம்புச் சுவரை நக்குவது போல இருக்கும் என்றார்கள். பார்க்க வரும் உறவினர்களின் பைகளை வாசலில் சோதித்து ஆரஞ்சைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதை யார் தின்றார்கள் என்பது காவலாளிகளின் முகத்திலேயே தெரிந்தது.

ஒருநாள் லேப் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் சும்மாடு கட்டிய தழும்பு மாதிரி முடி அழுந்தியிருந்தது. ஆண் ஸ்வெட்டர் ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள்.

"அக்கா, நீ தமிளா?"

"ஆமா. என்ன வேணும்?"

"ரத்தம் பாக்கற தமிளுப் பொம்பள நீதான்னாங்கோ. என் வூட்டுக்காரருக்கு மூணு தடவ ரத்தம் எடுத்தாங்க. மூணு தடவயும் ஆபரேசனு இல்லன்னு படுக்கைக்கே அனுப்பிட்டாங்க. அந்த ரத்தத்துல இன்னாதான் இருக்குது?"

அஞ்சலை என்று பெயர். விழுப்புரம் பக்கம். புருஷன் கோவிந்தன் மைதானக் கட்டடத்தில் சிமெண்டு மூட்டை தூக்குகிறவர். குடலிறக்கம். பதிவேட்டில் பார்த்தேன்: ஆறு புள்ளி எட்டு, ஏழு, ஏழு புள்ளி ஒன்று.

"பொட்டாசியம் ஜாஸ்தியா இருக்கு. உப்பு மாதிரி ஒண்ணு. இங்க வர்றதுக்கு முன்னால என்ன சாப்புட்டார்?"

"ரொட்டி. பச்ச மொளகா."

"வேற?"

"வெங்காயம் கெடச்சா வெங்காயம்."

"ஆரஞ்சு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆரஞ்சு தூக்கியிருக்கறோம்க்கா. கூடையில. மண்டியில." குரல் உடனே மாறியது. "அந்தப் பொடியக் குடிச்சதுலேர்ந்து வெளிக்கே போவல. உக்காந்து முக்கறாரு. முக்க முக்க அது பொடச்சிக்கினு எறங்குது. மாட்டிக்கிச்சின்னா கொடலு அழுவிடும், ஆளு போயிருவாருன்னு கத்தி வெக்கிற டாக்டரே சொல்லிட்டாரு. நாலாந்தடவ நாளைக்கி எழுதியிருக்குது. நாளைக்காவது வுடுவீங்களா மாட்டீங்களா?"

"பாக்கறேன், போ" என்றேன். எரிச்சலாகத்தான் சொன்னேன். அவள் போனதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஆரஞ்சு தின்னாதவனுக்கு ஆரஞ்சுப் பொட்டாசியம் எங்கிருந்து வந்தது?

பயிற்சிக் காலப் பாடப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோன பக்கம் அது. ரத்தச் சிவப்பணு என்பது மெல்லிய சவ்வு போர்த்திய ஒரு பை. பைக்குள் பொட்டாசியம் நெருக்கியடித்துக் கிடக்கிறது. வெளியே சீரத்தில் கொஞ்சம்தான். நெருக்கடியான இடத்திலிருந்து காலியான இடத்துக்கு எதுவும் தானாகக் கசியும். பொட்டாசியமும் எந்நேரமும் வெளியே கசிகிறது. சவ்வில் பதிந்திருக்கும் பம்புகள் அதைப் பிடித்துப் பிடித்து மறுபடி உள்ளே போடுகின்றன. உள்ளே நுழைந்த சோடியத்தை வெளியே தள்ளுகின்றன. சும்மா நடக்கிற வேலை இல்லை, சர்க்கரையைச் செலவழித்துச் செய்கிற வேலை. குளிரில் அந்த வேலை நின்றுவிடும். கசிவு மட்டும் நிற்காது. ஜனவரியில் எங்கள் தெருக் காவல்காரர் ரஜாய்ப் போர்வைக்குள் போய்விட்டால் கேட் திறந்தபடி கிடக்கும், மாடுகள் எல்லாம் வெளியே போய்விடும். அதேதான். அணு உடையாது, சீரம் சிவக்காது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பொட்டாசியம் மட்டும் வெளியே வந்து நிற்கும். பால் கெடாத இடத்தில் ரத்தம் கெடுகிறது. நான் முன்பெல்லாம் அன்றைக்கே பிரித்துச் சிவப்பைக் கொட்டியது இதற்காகத்தான்.

நேராகக் கன்னா சாரிடம் போனேன். அவர் ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து பேசுவார், நானும் அப்படியே. தமிழில் எழுதுகிறேன்.

"சார், பொட்டாசியம் நோயாளிகளிடம் ஏறவில்லை. உங்கள் ஃபிரிட்ஜில் ஏறுகிறது."

ஸ்கேலை நேராக வைத்தார். "மிஸ் தனலட்சுமி, குளிர் எதையும் கெடுக்காது. அதற்குத்தான் குளிர்."

"சிவப்பணுவை அப்படியே வைத்தால் பொட்டாசியம் வெளியே வரும் சார். புத்தகத்தில் இருக்கிறது."

"எந்தப் புத்தகம்?"

"நீங்கள் பரீட்சைக்குப் படித்த அதே புத்தகம்."

பேப்பர் வெயிட்டை நேராக வைத்தார். "அச்சா. எழுத்தில் கொடுங்கள்." பிறகு நான் குழாய்களைத் திறந்துவிடுவேன் என்று சந்தேகப்பட்டு, அன்று மூன்று மணி ரத்தம் லேபுக்கு வராமல் நேராகத் தன் அறைக்கே வர ஏற்பாடு செய்தார். அவரே வாங்கினார், அவரே பூட்டினார். கோவிந்தனின் நாலாவது குழாயும் அதற்குள் போனது.

ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். "என் கட்டுரைக்கு ஆரஞ்சு சாப்பிடாத ஓர் ஆள் வேண்டும். நான் தீபாவளியிலிருந்து ஒரு சுளைகூடத் தொடவில்லை. என் ரத்தத்தை எடுங்கள். நாளைக்கு நான்கு வரும், பாருங்கள்" என்று கையை நீட்டினார். ஊசியைப் பார்க்க அவருக்குப் பயம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் இரண்டு குழாய் அளவு எடுத்தேன். ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மரியாதையாக ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டினார். இன்னொன்று என் ஸ்வெட்டர் பைக்குள் போனது. அதை அன்றே சுற்றிச் சீரத்தைப் பிரித்து, பெயரை இரண்டு முறை சரிபார்த்து ஒட்டினேன்.

மறுநாள் பத்து மணிக்கு மெஷினைப் பற்றவைத்தேன். கன்னா சாரின் ஃபிரிட்ஜ் ரத்தம்: ஏழு புள்ளி ஆறு. வார்டிலேயே யாருக்கும் அவ்வளவு வந்ததில்லை. அவருடைய இன்னொரு பாட்டில்: நாலு புள்ளி மூன்று. கோவிந்தன்: ஏழு புள்ளி ஒன்று.

ஏழு புள்ளி ஆறு சீட்டை மட்டும் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற அற்ப ஆசை. "நான் ஆரஞ்சே தின்னவில்லையே, அப்படியானால் ஃபிரிட்ஜ்தான்" என்று அவர் வாயாலேயே வரும் என்று நினைத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பு ஆனது. கையை நெஞ்சில் வைத்தார். எழுந்து, பேனாவை நேராக வைத்துவிட்டு, இதயப் பிரிவைப் பார்த்து நடந்தார். மனிதர் ஃபிரிட்ஜை நம்பிவிட்டார். தன் உடம்பை நம்பவில்லை.

நான் சிரித்துக்கொண்டு நின்றபோது வார்டிலிருந்து போன் வந்தது. சிஸ்டர் பேசினாள். "தனம், அந்த மதராஸி நோயாளி, ஹெர்னியா. மாட்டிக்கொண்டது. வாந்தி எடுக்கிறார். சர்ஜன் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். மயக்க டாக்டர் பொட்டாசியம் என்ன என்று கேட்கிறார்."

எனக்குச் சிரிப்பு நின்றது.

ஓடினேன். கோவிந்தன் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார். ரத்தம் எடுத்துக் குழாயைக் கர்ச்சீப்பில் சுற்றி ஸ்வெட்டருக்குள், அக்குளில் இடுக்கிக்கொண்டேன். வராந்தாக் குளிர்கூட அதன் மேல் படக் கூடாது. வாசலில் காவலாளி மறித்தான். "பெஹன்ஜி, உள்ளே என்ன? ஆரஞ்சா?"

"ரத்தம்! ஆரஞ்சுத் திருடா, தள்ளு!"

உறைய விட்டுச் சுற்றி எரித்தேன். நாலு புள்ளி நாலு. சீட்டைக் கொண்டு ஓடினேன். மயக்க டாக்டர் ஒரு கையில் அதற்குள் லேபிலிருந்து வந்திருந்த ஏழு புள்ளி ஒன்று, மறு கையில் நாலு புள்ளி நாலு என்று வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரே ஆள், ஒரே காலை, இரண்டு நம்பர். எதை நம்பி நான் இவரை மயக்குவது? டாக்டர் கன்னா கையெழுத்துப் போட்டால் செய்கிறேன்."

நியாயம்தான். அந்தக் கன்னாவைத்தான் நான் விளையாட்டாக இதயப் பிரிவுக்கு அனுப்பிவைத்திருந்தேன்.

அங்கே அவர் சட்டையில்லாமல் படுத்திருந்தார். நெஞ்செல்லாம் பசை, வயர். இதய டாக்டர் காகிதச் சுருளைக் காட்டி, "நன்றாக இருக்கிறது கன்னா சாஹிப், ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கள் மெஷினைச் சரிபாருங்கள்" என்றார் இவர்.

நான் இரண்டு சீட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "சார், இரண்டும் உங்கள் ரத்தம். ஒரே ஊசி. ஏழு புள்ளி ஆறு உங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது. நாலு புள்ளி மூன்று நேற்றே நான் பிரித்தது. நீங்கள் செத்துப்போகப் போவதில்லை."

வயரோடு அரைவாசி எழுந்தார். "என்னைக் கேட்காமல் இரண்டாவது எடுத்தீர்களா?"

"எடுத்தேன். மெமோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இது கோவிந்தன் என்பவருடைய சீட்டு. குடல் மாட்டிக்கொண்டது. பிழைக்கக்கூடிய ஆள். இதில் கையெழுத்துப் போடுங்கள். ஜல்தி."

"இதில் கையெழுத்துப் போட்டால் என் கட்டுரை..." என்றார்.

"கட்டுரை போகும் சார். நீங்கள் இருப்பீர்கள். அவரும் இருப்பார்."

அடுக்குவதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நெஞ்சில் இருந்த வயர்களில் இரண்டை நேராக்கினார். இதய டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். கன்னா சார் கையை நீட்டிப் பேனா கேட்டார். சீட்டைத் தன் வெற்று வயிற்றின் மேலேயே வைத்து, முழுப் பெயரும் எழுதி, கீழே 'பழைய ரிப்போர்ட்டுகள் நான்கும் தவறு. தவறு லேபுடையது' என்று எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று. மீதிப் பாதியை ஓய்வு பெறும்வரை வைத்திருந்தேன்.

கோவிந்தனை உள்ளே கொண்டுபோனார்கள். குடல் நிறம் மாறத் தொடங்கியிருந்ததாம். வெந்நீர்த் துணி போட்டுக் காத்திருந்தார்களாம். திரும்பச் சிவந்ததாம். வெட்ட வேண்டி வரவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த அஞ்சலையிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிடுவாள் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"அப்ப அந்தப் பொட்டாசி எறங்கிடுச்சாக்கா?"

"அது ஏறவே இல்ல. ரத்தத்த நாங்க வச்ச எடம் தப்பு. ஒன் புருஷனுக்கு ஒண்ணும் இல்ல. மூணு தடவயும் எங்க தப்பு."

எழுந்து நின்றாள். "ஒங்க தப்பா? அந்த மனுசன் நாக்குல சொரணையே இல்லாம சொரக்கா தின்னாரு. சுண்ணாம்பக் கரச்சிக் குடுத்தீங்க, குடிச்சாரு. முக்கி முக்கிக் கொடலு வெளியில வந்து மாட்டிக்கிச்சி. கைக்கொழந்தயப் பக்கத்துக் குடிசையில வுட்டுட்டு நான் தெனம் நடந்து வந்தேன். ஒவ்வொரு வாட்டியும் அவர் ரத்தத்துலதான் கோளாறுன்னு என் மூஞ்சப் பாத்துச் சொன்னீங்களே, ஒங்க யாருக்காச்சும் ஒங்களுக்குள்ள கோளாறா இருக்குமான்னு தோணலியா? படிச்சிருக்கறீங்களே, அதுக்குப் பேரு படிப்பா?"

வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்கள். பெருக்குகிறவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு ரசித்தார். எனக்குத் திருப்பிப் பேசத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பேசவில்லை. அவள் சொன்னதில் தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை.

திட்டி முடித்து மூச்சு வாங்கினாள். ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்தாள்.

"முழிச்சா தண்ணி கேப்பாரு. குடுக்கலாமா?"

"கூடாது. குடல் அசையற வரைக்கும் ஒரு சொட்டுகூடக் கூடாது."

"இதாவது சரியாத் தெரிஞ்சி சொல்றியா?"

அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, சர்ஜனிடம் கேட்டு வருவதற்காகத் தியேட்டர்ப் பக்கம் நடந்தேன்.